லோக்தா: வெட்டிய இடத்தில் துளிர்க்கும் காகிதச் செடி

நேபாளத்தில் நிலப்பத்திரங்களும் சமய நூல்களும் பல நூற்றாண்டுகளாக எழுதப்பட்ட காகிதம், ஆலையில் செய்ததல்ல. இமயமலைக் காடுகளில் தானாக முளைக்கும் லோக்தா என்ற புதர்ச்செடியின் பட்டையிலிருந்து மலைக்கிராம மக்கள் கையால் செய்தது. டாஃப்னி போலுவா, டாஃப்னி பாப்பிரேசியா ஆகிய இரண்டு இனங்களுக்கும் அங்கே லோக்தா என்றுதான் பெயர். பாக்லுங், தோலகா போன்ற மாவட்டங்களில், ஏறத்தாழ 1,600 மீட்டருக்கு மேல், பெரிய மரங்களின் நிழலில் இது வளர்கிறது.

இந்தத் தொழிலின் ஆயுள் அரிவாள் விழும் இடத்தில்தான் இருக்கிறது. முற்றிய தண்டைத் தரைக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டினால், செடி சாகாது. நுனியில் உருவாகிக் கீழே இறங்கும் ஆக்ஸின் என்ற ஹார்மோன், அடியில் உள்ள மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். நுனி போனதும் அந்தத் தடை நீங்குகிறது; வேரில் சேர்த்து வைத்த உணவைக் கொண்டு மொட்டுகள் துளிர்க்கின்றன. நான்கிலிருந்து எட்டு ஆண்டுகளில் மறுபடி பட்டை உரிக்கலாம். அவசரப்பட்டு வேரோடு பிடுங்கினாலோ, பட்டையை வேர்வரை இழுத்துக் கிழித்தாலோ, துளிர்க்க வேண்டிய மொட்டுகளே போய்விடும். நாட்டின் வனச்சட்டத்தின்கீழ் காட்டைப் பராமரிக்கும் கிராமக் குழுக்கள் பல, இதனால்தான் காட்டைப் பகுதிகளாகப் பிரித்து முறைவைத்து வெட்டுகின்றன.

உரித்த பட்டையின் கறுத்த மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்தால், வெளிறிய உள்பட்டை கிடைக்கும். இலையில் உண்டான சர்க்கரையை வேருக்குக் கொண்டுபோகும் திசு இது. இதிலுள்ள நார்கள் நீளமானவை, கயிறு திரிக்கும் அளவுக்கு வலுவானவை. ஆனால் பெக்டின், லிக்னின் போன்ற பொருள்கள் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கின்றன. பட்டையை ஊறவைத்து, மரச்சாம்பலை வடித்தெடுத்த நீரில் மணிக்கணக்கில் வேகவைப்பது இந்த ஒட்டைக் கரைக்கத்தான். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் நீரைக் காரமாக்குகிறது. அந்தக் காரத்தில் பசைப்பொருள்கள் பெரிதும் கரைய, செல்லுலோஸ் நார் தங்கிவிடுகிறது. இப்போது பலர் காஸ்டிக் சோடா போடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அந்தக் கழிவுநீர் ஓடையில் கலந்தால் ஊருக்குத்தான் கேடு. விறகுச் செலவும் சின்னதல்ல. துளிர்க்கும் லோக்தாவைவிட, அடுப்பு எரிக்க வெட்டும் மரங்களைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெந்த பட்டையைக் கழுவி, கொட்டாப்புளியால் அடித்துக் கூழாக்குகிறார்கள். அப்புறம் துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, அளந்த கூழை அதில் ஊற்றிக் கையால் அலைத்துப் பரப்புகிறார்கள். நார்கள் எல்லாத் திசையிலும் சீராகப் படிந்ததும், சட்டத்தைச் சாயாமல் தூக்கி, நீரை வடியவிட்டு, வெயிலில் நிறுத்துகிறார்கள். நீர் ஆவியாக ஆக நார்கள் நெருங்கி, அவற்றின் செல்லுலோஸ் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. தனியாகப் பசை எதுவும் வேண்டாம். தாள் காயும்வரை சட்டத்தை விட்டு வராது. ஆகவே எத்தனை சட்டம் இருக்கிறது, எவ்வளவு வெயில் அடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய உற்பத்தி.

டாஃப்னி செடிகள் நச்சுத்தன்மை உள்ளவை. லோக்தா காகிதத்தைப் பூச்சி எளிதில் அரிக்காததற்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

மலிவான ஆலைக்காகிதம் வந்து இந்தத் தொழில் நலிந்திருந்தபோது, 1980களில் யூனிசெஃப் லோக்தா காகிதத்தில் வாழ்த்து அட்டைகள் செய்யவைத்தது. அந்த வழியாகத்தான் வெளிநாட்டுச் சந்தை திறந்தது. நோட்டுப்புத்தகம், விளக்குக்கூடு, பரிசு சுற்றும் தாள் என்று இன்று பல பொருள்கள் போகின்றன.

இதே குடும்பத்தைச் சேர்ந்த அர்கெலிச் செடியின் கதை வேறு. அதன் பட்டையை உரித்துச் சுத்தம் செய்து, உலர்த்தி, ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். அங்கே யென் நோட்டு அச்சிடும் காகிதத்தில் அது சேர்கிறது. பணம் வருகிறது, ஆனால் காகிதம் செய்யும் வேலை கடல் கடந்து போய்விடுகிறது. லோக்தாவிலும் பட்டையாகவே காத்மாண்டு பட்டறைக்கு விற்கும் ஊருக்குப் பட்டை விலை மட்டும்தான். தாளாக்கி விற்கும் ஊரில் சுரண்டுவது, அடிப்பது, ஊற்றுவது என ஒவ்வொரு வேலைக்கும் உரிய கூலி அங்கேயே தங்குகிறது.