கோரை எல்லாம் ஒரே கோரை இல்லை

நான் வைத்த கோரையைக் களையென்று அழித்த வீடுகளில், இந்த வருடத்தில் இது மூன்றாவது. புதுச்சேரி லாஸ்பேட்டை. மாடித் தண்ணீர் குழாய் வழியாக விழுந்து எப்போதும் சொதசொதவென்று கிடக்கும் மூலை. புல் அழுகும், குரோட்டன்ஸ் சாகும். அங்கே பாய்க்கோரை வைத்துக் கொடுத்தேன். நான்கே மாதத்தில் இடுப்பளவு நின்றது. போன வாரம் போனால் மொட்டைத் தரை. "கோரை களையாச்சே சார், மருந்தடிச்சிட்டேன்" என்கிறார் வீட்டுக்காரர். அதை வைக்கக் காசு கொடுத்தவரும் அவரேதான்.

நீங்கள் திட்டும் களை, கோரைக்கிழங்கு. நாட்டுமருந்துக் கடையில் முத்தக்காசு என்று கேட்டு வாங்கி நலங்கு மாவில் சேர்க்கிறீர்களே, அதே ஆள். மண்ணுக்குள் வேர்த்தண்டு ஓட்டி, வழி நெடுகக் கிழங்கு கோத்துவைக்கும். இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். அது உங்கள் வீட்டுக்கு வந்தது லாரிச் செம்மண்ணில். இல்லையென்றால் பத்தை பத்தையாக வாங்கிப் பதித்த லான் புல்லோடு. பாய்க்கோரை முளைத்துக் கோரைக்கிழங்கு ஆகாது. கோரைக் குடும்பத்தில் 5,000-க்கு மேல் இனங்கள் உண்டு, அத்தனைக்குமா ஒரே தண்டனை? அடையாளம் சுலபம்: கணுக்காலைத் தாண்டியதும் செம்பழுப்புப் பூ எடுத்தால் களை. பாய்க்கோரைக்கு இலையென்று பெரிதாக ஒன்றும் இருக்காது, நெடுநெடுவென்று பச்சைத் தண்டுதான்.

பாய்க்கோரையும் பக்கவாட்டில் ஓடும், மறைக்கவில்லை. அதனால்தான் வெறும் தரையில் நடாதீர்கள் என்கிறேன். கிணற்று உறை ஒன்றை விளிம்பு இரண்டு அங்குலம் வெளியே தெரிய இறக்கி, களிமண் நிரப்பி, அதற்குள் நடுங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் மாதிரி மணல் பூமி என்றால் அடியில் தார்ப்பாய் விரிக்க வேண்டும். மண்ணை விளிம்பு வரை நிரப்புங்கள்; குறைத்துவிட்டுத் தண்ணீர் தேங்கியபின் கொசு என்று எனக்கு போன் செய்யக்கூடாது. கோடையில் ஏசி தண்ணீரைத் திருப்பிவிட்டால் தாங்கும். பொங்கல் கழிந்ததும் ஒரு சாண் விட்டு அறுத்துவிட்டால் புதிதாகத் தழைக்கும். வருடத்துக்கு அவ்வளவுதான் வேலை.

நர்சரியில் குடை மாதிரி விரிந்த ஒன்றை 'நாட்டுக் கோரை' என்று தருவார்கள். அது ஆப்பிரிக்கா பக்கத்துச் செடி. அழகுதான், நாட்டுச் செடி இல்லை. அதற்காகப் பாய்க்கோரை தேடி ஊசுட்டேரியில் இறங்கிப் பிடுங்காதீர்கள், தயவுசெய்து. அது பறவைகள் சரணாலயம். வைத்திருக்கும் வீட்டில் கேளுங்கள்; வேரோடு ஒரு கைப்பிடி போதும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஊன்றிவிடுங்கள்.