கொப்புளம் வெளுப்பதற்கு முன்னே: மலையகப் பயிர்களில் நோய்க் கண்காணிப்பு

தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், தலவாக்கலைப் பக்கத்து மலைகளில் பனிமூட்டம் நாள்கணக்கில் விலகாமல் நிற்கும்போது, ஒரு கொழுந்தைப் பறித்து வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், எண்ணெய் தெறித்தாற்போல் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி ஒன்று இலையில் தென்படக்கூடும். சில நாள்களில் அது அகன்று, மேற்புறம் குழிந்து, அடிப்புறம் புடைத்து, புடைப்பின் மேல் வெண்படலம் பூக்கும். 1946இல் இலங்கையில் கண்டறியப்பட்ட தேயிலைக் கொப்புள நோய் இதுவே. இதனை உண்டாக்கும் பங்கசு முற்றிய இலையை விட்டுவிட்டு இளந்தளிரையே பற்றுகிறது. தொழிற்சாலைக்குப் போக வேண்டியதும் அதே தளிர்தான் என்பதால், இழப்பு நேரடியாகக் கூடையிலேயே விழுகிறது.

அந்த வெண்படலம் முழுவதும் வித்திகள், அதாவது பங்கசு தன்னைப் பரப்பிக்கொள்ளும் விதை போன்ற நுண்துகள்கள். வெளுத்த கொப்புளம் கண்ணில் பட்ட நேரத்தில் அவற்றில் பல ஏற்கெனவே அடுத்த மலைக்குப் பறந்துபோயிருக்கும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத கட்டத்திலேயே நோயின் நடமாட்டத்தை எப்படி அறிவது என்பதுதான் நோய்க் கண்காணிப்பின் முதல் கேள்வி.

இக்கேள்விக்கு மலையகத்தில் வயது அதிகம். 1869இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிவது கவனிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பங்கசு ஆய்வாளர் பேர்க்லி அதனைப் புதியதொரு பங்கசு என அறிவித்தார். நோய்க்குப் பெயர் கிடைத்ததே தவிர, அது செடிக்குச் செடி எவ்வாறு தாவுகிறது என்பது விளங்கவில்லை. 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், ஒட்டும் பொருள் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் காற்றுப்படும்படி வைத்து, பின்னர் அவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தார். கோப்பி இலையில் இருந்த அதே வித்திகள் தகட்டிலும் ஒட்டியிருந்தன. நோய் காற்றில் வருகிறது என்பதோடு, ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே அதற்குப் பாதை திறந்துவிட்டது என்பதையும் அவர் எடுத்துரைத்தார். கோப்பி போய்த் தேயிலை வந்தது; அவருடைய இரண்டாவது பாடம் எந்த அளவுக்குக் கேட்கப்பட்டது என்பதை, இன்றைய மலைகளை ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கும் எவரும் சொல்லிவிடலாம்.

வார்ட்டின் தகடு வித்தி வந்ததைச் சொன்னது. எந்த நேரத்தில், எவ்வளவு காற்றில் எத்தனை வந்தது என்பதைச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹேர்ஸ்ட் 1952இல் விவரித்த வித்திப் பொறி அக்குறையைத் தீர்த்தது. அதன் பம்பி நிமிடத்துக்கு 10 லீற்றர் காற்றை ஒரு குறுகிய பிளவின் வழியாக உள்ளிழுக்கிறது. பிளவுக்குப் பின்னால் பிசுபிசுப்பான பரப்பொன்று மணிக்கு 2 மில்லிமீற்றர் வீதம் மெல்ல நகர்கிறது. காற்று அப்பரப்பில் மோதாமல் வளைந்து வெளியேறிவிட, வித்தி தன் எடையால் வளைய முடியாமல் நேரே சென்று ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாளின் காற்று இவ்வாறு 48 மில்லிமீற்றர் நீளத்தில் பதிவாகிவிடுவதால், வித்தி ஒட்டியிருக்கும் இடத்தை அளந்தே அது வந்த மணியைக் கணித்துவிடலாம்.

காற்றில் வித்தி இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. அது முளைப்பதற்கு இலை நீண்ட நேரம் ஈரமாக இருக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் வித்தி விரைவில் செத்துவிடும். ஆகவே கொப்புள நோயை முன்கூட்டிச் சொல்ல முயன்றவர்கள், வித்திகளின் எண்ணிக்கையோடு வெயில் அடித்த மணிகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். வெயிலை அளக்கும் கருவி மிக எளிமையானது: ஒரு கண்ணாடிக் கோளம் சூரிய ஒளியைக் குவித்துப் பின்னாலுள்ள அட்டையைக் கருக்குகிறது; முகில் மறைத்தால் கருக்கல் நின்றுவிடுகிறது. மாலையில் கருகிய கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் மணி கிடைக்கும். தொடர்ந்து சில நாள்கள் கோடு குறுகினால் செப்பு மருந்து அடிக்க வேண்டியிருக்கும். நீண்டிருந்தால் ஒரு சுற்று மருந்தும் கூலியும் மிச்சம்.

இனி, மலையில் இறங்கித் தேடுவதற்கு வருவோம். நூறு கொழுந்தைப் பார்த்தேன், ஒன்றிலும் புள்ளி இல்லை என்று ஒருவர் சொன்னால், அந்த மலையில் நோய் இல்லை என்று பொருளாகாது. உண்மையில் நூற்றில் ஒரு கொழுந்தில் நோய் இருப்பதாக வைத்துக்கொண்டால், 100 கொழுந்தைப் பார்ப்பவர் அதில் ஒன்றையேனும் காண்பதற்கு உள்ள வாய்ப்பு ஏறத்தாழ 63 வீதமே. 95 வீத உறுதி வேண்டுமானால் 300 கொழுந்து பார்க்க வேண்டும். இதுவும் நோய் சீராகப் பரவியிருந்தால்தான் பொருந்தும். பனி தேங்கும் பள்ளங்களிலும் நிழல் மரங்களின் கீழும் நோய் திரண்டிருப்பதால், பாதையோரத்து நிரைகளை மட்டும் பார்த்துத் திரும்புபவருடைய அறிக்கை சுத்தமாகத்தான் இருக்கும்.

நுவரெலியாவின் உருளைக்கிழங்குத் தோட்டங்களிலோ தேட வேண்டிய இடம் மண். அங்கு வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழுவின் பெண் இறந்ததும், அதன் உடலே கடினமான பழுப்புக் குண்டுமணியாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல ஆண்டுகள் காக்கிறது. அக்குண்டுமணியின் குறுக்களவு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். மண்ணை உலர்த்தி நீரில் கலக்கினால் மண் அடியில் தங்க, உள்ளே காற்று புகுந்த குண்டுமணிகள் மிதந்து வரும்; அவற்றைச் சல்லடையில் ஏந்தி வில்லையின் கீழ் எண்ணுவார்கள். சோளப் பயிரைத் தின்னும், 2018இல் இலங்கைக்குள் வந்த சேனா படைப்புழுவுக்கு வழி வேறு: பெண் அந்துப்பூச்சியின் மணத்தை ஒத்த பெரமோன் பொறியில் ஆண் பூச்சிகள் தாமாகவே வந்து விழும்.

இத்தனை கருவிகளிலும் எதுவும், ஏழெட்டு நாளுக்கொரு முறை அதே நிரையில் அதே செடிகளைத் தொட்டுப் போகும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஈடாகாது என்பது என் கருத்து. அவரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் எத்தனை கிலோ என்பது மட்டுமே. மாலையில் கொழுந்து நிறுக்கும்போது, எந்த மலையில் எந்த நிரையில் புள்ளி கண்டார் என்றும் ஒரு வரி எழுதிக்கொண்டால், மறுநாள் மாதிரி எடுக்க வருபவர் தம்முடைய 300 கொழுந்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்பதையாவது அறிந்துகொள்வார்.