மேடு ஏறினால் நிற்கும் வைப்பர்

பர்மாவில் எங்கள் ஊரான மோல்மேனின் மழையை வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் வந்துவிடும். அதனால் சித்திரையில் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு எங்கள் வீட்டில் ஒரு வேலை காத்திருக்கும். கொட்டகையில் நிற்கும் செவர்லே லாரியின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரியப்பா முடோன் பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றிப் போன காலத்திலிருந்து இது வழக்கம்.

இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்த ராணுவ லாரி அது. ஃபோர்டு, செவர்லே இரண்டு கம்பெனிகளும் ஒரே அமைப்பில் 4 லட்சத்துக்கு மேல் இந்த வகை வண்டிகளைச் செய்து தள்ளின. போர் முடிந்த பின் பர்மாவில் தங்கிவிட்ட லாரிகள் பலவற்றின் மேல் மரக்கூடு கட்டி பஸ் ஆக்கினார்கள். 2000-க்குப் பிறகும் ரங்கூன் தெருக்களில் அந்த 'செவர்லே' பஸ்கள் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். 1941 கடைசியில் வந்த கேபினில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்பக்கம் துருத்தியபடி சாய்ந்திருக்கும். வெயில் பட்டுக் கண்ணாடி மின்னி, மேலே பறக்கும் எதிரி விமானத்துக்கு வண்டியைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வண்டி நிற்கும்போது அந்தக் கண்ணாடியில் மழை அவ்வளவாக விழாது. ஓட ஆரம்பித்தால் விழும், வைப்பர் வேண்டும்.

அந்த வைப்பருக்கு மின்சாரமே கிடையாது. கேபினிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எஞ்சினுக்குப் போகிறது, அவ்வளவுதான். இந்த லாரியின் மின்சாரம் வெறும் 6 வோல்ட். அதைக்கொண்டு எஞ்சினைக் கிளப்ப வேண்டும், விளக்கும் எரிய வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் வைப்பருக்கு வேறொரு பலத்தைத் தேடினார்கள். எஞ்சின் உள்ளே இழுக்கும் மூச்சு கையருகே இருந்தது.

பெட்ரோல் எஞ்சினின் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்குள், ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தகடு அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூக்கை முக்கால்வாசி பொத்திக்கொண்டு மூச்சிழுப்பதைப் போல, தகட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்டு என்ற குழாயில் காற்றழுத்தம் குறைந்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'வேக்கம்' என்கிறார்கள். நல்ல எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, வேக்கம் கேஜை மாட்டினால் 17 முதல் 21 பாதரச அங்குலம் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை காட்டும். அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கு மேல் உள்ளே காணாமல் போயிருக்கிறது.

வைப்பர் மோட்டார் என்பது பாதி நிலா வடிவத்தில் ஒரு சிறு உலோகப் பெட்டி. உள்ளே ஓரத்தில் தோல் வைத்த ஒரு துடுப்பு, கதவு போல இப்படியும் அப்படியும் ஆடும். துடுப்பின் ஒரு பக்க அறையை மேனிஃபோல்டோடும், மறுபக்க அறையை வெளிக்காற்றோடும் இணைத்தால் வெளிக்காற்று துடுப்பைத் தள்ளும். எஞ்சின் துடுப்பை இழுப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். எஞ்சின் ஒரு பக்கத்தைக் காலி செய்து கொடுப்பதோடு சரி. தள்ளுவது நம்மைச் சுற்றியுள்ள காற்று.

துடுப்பு கடைசிவரை போனதும் அதன் தண்டு மேலே உள்ள ஒரு சின்ன நெம்புகோலைத் தட்டும். அங்கே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. நடுப்புள்ளியைத் தாண்டும்வரை எதிர்க்கும், தாண்டியதும் 'டக்' என்று மறுபக்கம் சாயும். அதோடு வால்வும் நகர்ந்து இரண்டு அறைகளும் இடம் மாறிக்கொள்ளும். இந்த 'டக்'தான் முழு இயந்திரத்தின் உயிர். வால்வு மெதுவாக நகர்ந்தால் இரண்டு துளைகளும் பாதி பாதி திறந்த நிலை வரும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், துடுப்பு அங்கேயே நின்றுவிடும். வைப்பர் ஓரத்துக்குப் போய்த் திரும்ப மறுத்தால் முதலில் இந்த ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

சரி, மேடு ஏறும்போது இந்த வைப்பர் ஏன் நின்றுவிடுகிறது? துடுப்பின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 அங்குல வேக்கம் இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.6 கிலோ அழுத்தம். மொத்தம் 12 கிலோ. இந்த விசை தண்டிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது, வைப்பர் கையின் நீளம் 28 சென்டிமீட்டர் என்றால் பிளேடின் நுனிக்கு 1.3 கிலோ போய்ச் சேரும். ஈரக் கண்ணாடியைத் துடைக்க அது தாராளம். மேடு வந்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். திராட்டில் அகலத் திறக்கிறது, பொத்தியிருந்த மூக்கை விட்டுவிட்டோம், மேனிஃபோல்டில் வேக்கம் 3 அங்குலத்துக்கு விழுகிறது. அப்போது பிளேடின் நுனியில் மிஞ்சுவது 200 கிராம்தான். ரப்பரின் உராய்வே அதை விழுங்கிவிடும்.

உயரமும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஓர் அங்குல வேக்கம் குறைகிறது. போர்க்காலத்தில் அசாமிலிருந்து போட்ட லெடோ சாலையில் பர்மாவுக்குள் நுழையும் பாங்சௌ கணவாய் 3,727 அடி உயரம். சுமை ஏற்றிய லாரியோடு பருவமழையில் அந்த மேட்டை ஏறிய டிரைவர்களுக்கு மூன்று நான்கு அங்குலம் ஐடிலிங்கிலேயே போயிருக்கும்.

இதற்குப் பெரியப்பா சொல்லிக்கொடுத்த வழி எளிது. மேட்டில் கண்ணாடி மறைந்தால் ஒரு நொடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு, வைப்பர் இரண்டு தரம் வீசும், அப்புறம் மிதி. சில வண்டிகளில் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பின் மேலேயே இன்னொரு டயாஃப்ரம் (மேலும் கீழும் அசையும் சவ்வு) வைத்து, திராட்டில் திறந்திருந்தாலும் வேக்கம் கிடைக்கும்படி செய்திருப்பார்கள். வேறு சிலவற்றில் ஒரு சிறு டாங்கியும் ஒருவழி வால்வும் இருக்கும். டாங்கியில் சேர்த்த வேக்கம் நாலைந்து வீச்சுக்குத் தாங்கும்.

மேட்டில் நிற்பது இயற்பியல். சமதரையிலும் தவழ்ந்தால் அது கோளாறு. பத்தில் எட்டு தடவை ரப்பர் குழாய்தான் காரணம், என் கையில் வந்த வண்டிகளில் அப்படித்தான். வெடித்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பலர் பஞ்சர் பார்ப்பதுபோல் சோப்புத் தண்ணீர் தடவுகிறார்கள். குமிழி வராது. ஏனென்றால் காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது. அதற்குப் பதில் எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் குழாயை இடுக்கியால் நெரித்துப் பாருங்கள். குலுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் சீராகிவிட்டால் ஒழுக்கு இடுக்கிக்கு அப்பால், வைப்பர் பக்கம்தான். கார்புரேட்டரைத் தாண்டி நுழையும் திருட்டுக் காற்று பெட்ரோல் கலவையை மெலிதாக்குவதால்தான் அந்தக் குலுங்கல். ஒருமுறை இதைக் கவனிக்காமல் ஒரு பட்டறையில் கார்புரேட்டரை மூன்று நாள் பிரித்துப் போட்டார்கள். குழாயை மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று.

புதுக் குழாய் தடித்த சுவருடையதாக இருக்க வேண்டும். சாதாரண பெட்ரோல் குழாயை மாட்டினால் எஞ்சின் சூட்டில் இளகி, உள்ளுக்குள் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிவிடும். வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

குழாய் சரியாக இருந்தால் மோட்டாரைக் கழற்றுவேன். எஞ்சின் பக்கத்துக் குழாயில் வாய் வைக்கக் கூடாது, பெட்ரோல் ஆவி இருக்கும். மோட்டாருக்கு ஒரு சுத்தமான துண்டுக் குழாயை மாட்டி வாயால் உறிஞ்சினால், நல்ல நிலையில் உள்ள மோட்டார் அந்த மூச்சுக்கே திரும்பும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேலை என்றால் கொள்ளைப் பிரியம்.

திரும்பவில்லை என்றால் மூடியைத் திறக்க வேண்டும். ஐந்தாறு சின்ன ஸ்குரூ, அடியில் ஒரு காகித பேக்கிங். பேக்கிங் கிழிந்தால் கவலை வேண்டாம், தடித்த காகிதத்தில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். துடுப்பை எடுத்துப் பார்த்தால் தோல் பெரும்பாலும் காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டிருக்கும். அதன் உதடு பெட்டியின் சுவரில் ஒட்டி உட்கார்ந்தால்தான் காற்று நழுவாது. துடுப்பை வெளியே எடுத்த பின், பெட்டிக்குள் மட்டும் மண்ணெண்ணெயால் பழைய பிசுக்கைத் துடைத்து நன்றாகக் காய விட வேண்டும். உப்புக்காகிதம் போடாதீர்கள், துத்தநாகக் கலவையில் வார்த்த பெட்டி, ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகக் காற்று ஓடும்.

தோலுக்கு மாட்டுக் கால் எண்ணெய் உத்தமம். கிடைக்காத இடத்தில் நாங்கள் விளக்கெண்ணெய் போடுகிறோம். ராத்திரி முழுக்க ஊறியதும் தோல் திரும்ப மெத்தென்றாகிவிடும். உதட்டை விரலால் வெளிப்பக்கம் நீவிவிட்டு, மிச்ச எண்ணெயை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். அதிக எண்ணெய் வால்வுக்குப் போய்த் தூசியோடு சேர்ந்து பசையாகும். துடுப்பின் ஓரம் ரப்பராக இருந்தால் எஞ்சின் ஆயில், கிரீஸ் பக்கமே போகக் கூடாது; ரப்பர் ஊதிப் பெட்டிக்குள் இறுகிக்கொள்ளும்.

டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிக்காரர்கள் வந்து, வைப்பர் செத்துவிட்டது என்பார்கள். டீசலில் பொதுவாகக் காற்றை அடைக்கும் திராட்டில் தகடு கிடையாது, அதனால் மேனிஃபோல்டில் வேக்கமும் கிடையாது. பிரேக்குக்காக வைத்த வேக்கம் பம்ப் இருந்தாலும் அதிலிருந்து குழாய் பிரிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைப்பர் குழாய் வெடித்தால் பிரேக்கின் பலமும் கூடவே போகும். அந்த வண்டிகளுக்கு மின்சார வைப்பர்தான் நியாயம். பெட்ரோல் எஞ்சினோடு இருக்கும் லாரிக்கு மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள். எண்பது வயது மோட்டார் ஒன்று, ஒரு துண்டுத் தோலுக்கும் ஒரு முழம் குழாய்க்கும் பிழைத்து எழுந்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் கண்ணாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் பிளேடும் தேயும், தோலும் தாங்காது. எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு வைப்பர் குமிழைத் திருகிக் கேட்க வேண்டும். டக், டக். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் விழுந்தால் மழைக்கு லாரி தயார். ஒரு பக்கம் விரைந்து போய் மறுபக்கம் இழுத்து இழுத்து வந்தால், தோலின் ஓர் உதடு இன்னும் படியவில்லை. மூடியை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.