சிடி சிக்கும்போது கேட்கும் தாளம்

ஓவல் என்ற ஜெர்மன் இசைக்குழுவின் '94 டிஸ்கோன்ட்' ஆல்பத்தை முதல் தடவை கேட்கிறவர்கள், ப்ளேயர் பழுதாகிவிட்டது என்றே நினைப்பார்கள். முதல் பாடலான 'டூ வைல்' 24 நிமிடம் ஓடுகிறது. மணியோசை போல மெல்லிய ஒலிகள், அவற்றுக்கு அடியில் 'டிக், டிக், டிக்' என்று சிடி சிக்கும் சத்தம். அந்தச் சத்தம்தான் இந்தப் பாட்டின் தாளம். ஃப்ராங்க்ஃபர்ட்டில் 1993இல் தொடங்கிய மில் ப்ளாட்டோ என்ற சிறிய சுயாதீன நிறுவனம் 1995இல் இதை வெளியிட்டது. பழுதான ஒன்றிலிருந்து பிறந்த இசையில் இவ்வளவு அழகானதை நான் வேறு கேட்டதில்லை.

ஒரு சிடியைச் சிக்கவைப்பது அவ்வளவு சுலபமல்ல. 1982இல் அது கடைக்கு வந்தபோதே, அடிபட்டாலும் பாட்டு கெடாதபடிதான் வந்தது.

சிடியில் இருப்பது எண்கள். ஒரு விநாடி இசைக்கு, இடது வலது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே 44,100 எண்கள். இவை நுண்ணிய குழிகளாக, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே தடத்தில், 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் பதிந்திருக்கின்றன. லேசர் கதிர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் நுழையும்போது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் அகலம். குழிகளைத் தொடும்போது அதில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அதனால் மேலே ஒட்டிய தூசி லேசருக்கு ஒரு மங்கலான நிழல், அவ்வளவுதான்.

கீறல் அதைவிடப் பெரிதாக இருந்தால்? அதற்கு ஒரு கலைத்துப்போடும் வேலை இருக்கிறது. நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: திருவிழா, தலையணை, பனிமலை, மாமரம். இவற்றை வரிசையாக எழுதாமல், எல்லாச் சொற்களின் முதல் எழுத்தையும் சேர்த்து எழுதுவோம்: தி த ப மா. அடுத்து இரண்டாம் எழுத்துகள்: ரு லை னி ம. அப்புறம் வி ய ம ர. கடைசியாக ழா ணை லை ம். இப்போது இரண்டாவது கூட்டத்தின் மேல் மை கொட்டிவிட்டது. பழைய வரிசைக்குத் திருப்பினால் கிடைப்பது: தி_விழா, த_யணை, ப_மலை, மா_ரம். விட்டுப்போனதை நீங்களே நிரப்பிவிடுவீர்கள். வரிசையாகவே எழுதியிருந்தால் தலையணை முழுதாகப் போயிருக்கும்.

எழுத்துக்கு நம் மொழியறிவு துணை. எண்ணுக்கு என்ன துணை? இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960இல் தந்த முறைதான். மளிகைச் சீட்டில் ஒரு தொகை அழிந்துபோனால், கீழே உள்ள கூட்டுத்தொகையிலிருந்து அதைக் கண்டுபிடிக்கிறோமே, அதன் வளர்ந்த வடிவம் அது. சிடியில் 24 பைட் இசைக்கு 8 பைட் சரிபார்ப்பு எண்கள் கூடவே வருகின்றன. தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும் ஒரு எண்கூடக் குறையாமல் மீட்டுவிடலாம். (சிடியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி, நீண்ட பகுதியைத் தின்றுவிடும்.) அதற்கும் மேல் போனால், முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து ப்ளேயர் நடுவே ஒன்றை ஊகித்துப் போடும். அதுவும் முடியாதபோது ஒலியை நிறுத்திவிடும்.

இந்த எல்லையைத் தாண்டிய இடத்தில்தான் ஓவல் வேலையைத் தொடங்கினார்கள். மார்கஸ் பாப்பும் அவருடைய நண்பர்களும் சிடியின் அடிப்பக்கத்தில் பேனாவால் வரைந்தார்கள். மை தடிமனாக இருந்தால் லேசருக்குத் தடம் தவறிவிடும். தடத்தின் பக்கத்துச் சுற்று 1.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தள்ளித்தான் இருக்கிறது. கதிர் பின்னால் உள்ள சுற்றில் விழுந்தால் கேட்டதையே மறுபடி படித்து, அதே மையில் மோதி, மறுபடி பின்னால் விழும். விட்ட இடத்து ஒலியலையும் தொட்ட இடத்து ஒலியலையும் பொருந்துவதில்லை. அலை ஒரே எட்டில் மேலிருந்து கீழே குதிக்கிறது. அப்படிப்பட்ட திடீர்க் குதிப்பில் தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை எல்லாம் ஒரு நொடித்துளியில் கலந்திருக்கும். காதுக்கு அது 'டிக்'.

என்னை மிகவும் கவர்ந்த விஷயம் இதன் வேகம். இசைத்தட்டு ஊசி ஒரே பள்ளத்தில் மாட்டிக்கொண்டால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற கணக்கில், எங்கே மாட்டினாலும் 1.8 விநாடிக்கு ஒரு முறைதான் திரும்பும். சிடி அப்படியல்ல. உள்விளிம்பைப் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளிவிளிம்பில் சுமார் 200. அதாவது ஒரு சுற்றுக்கு உள்ளே 0.12 விநாடி, வெளியே 0.3 விநாடி. மை எங்கே விழுகிறது என்பதே தாளத்தின் காலப்பிரமாணத்தைத் தீர்மானிக்கிறது. இப்படிக் கிடைத்த துண்டுகளைப் பதிவுசெய்து, பொறுக்கி, கணினியில் அடுக்கினார்கள்.

இதற்குப் பத்து வருடம் முன்பே, 1985 வாக்கில், நியூயார்க்கில் வாழ்ந்த ஜப்பானியக் கலைஞர் யசுனாவோ தோனே வேறொரு வழி கண்டிருந்தார். ஒட்டுநாடாவில் ஊசியால் துளைகள் குத்தி சிடியின் அடியில் ஒட்டினார். ஒளி சில இடத்தில் போகும், சில இடத்தில் போகாது. ப்ளேயர் எண்களையே தவறாகப் படித்தது. மூலத்தில் இல்லாத ஒலிகள் கொட்டின. அதில் நிதானமான தாளம் கிடையாது, ஆலங்கட்டி மழை போன்ற இரைச்சல்தான். ட்ஸாடிக் என்ற சிறு நிறுவனம் 1997இல் அதை ஆல்பமாக்கியது.

'டூ வைல்' பாடலை ஸ்கேனர், மவுஸ் ஆன் மார்ஸ் என்ற பெயர்களில் இசையமைத்த கலைஞர்கள் போன்றவர்கள் ரீமிக்ஸ் செய்தார்கள். வெட்டுப்பட்ட ஒலியை இன்னொரு முறை வெட்டி அடுக்கினார்கள். மில் ப்ளாட்டோ 2000இல் இப்படிப்பட்ட இசையைத் திரட்டி 'க்ளிக்ஸ் அண்ட் கட்ஸ்' என்ற தொகுப்பாகவே கொண்டுவந்தது.

வீட்டில் யாரும் கேட்காத ஒரு சிடியும் பழைய ப்ளேயரும் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். தண்ணீரில் அழியும் பேனாவால் அடிப்பக்கத்தில், நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். பாட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமனாக்கிக்கொண்டே போங்கள். சிடியில் முதல் பாட்டு நடுவிலும் கடைசிப் பாட்டு விளிம்புப் பக்கமும் இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, எதில் 'டிக்' வேகமாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் பழைய பாட்டு திரும்பி வந்துவிடும்.