ரூட் ப்ரொபோசல் அனுப்புற தம்பிங்களா, தண்டவாளத்துல இறங்காதீங்க

நேத்து ராத்திரி நான் வேலை பாக்குற டிரெயின் சிமுலேட்டர் கேமுக்கு இன்னொரு ப்ரொபோசல் வந்துச்சு. சப்அர்பன் லைன், மொத்தம் 38 ஸ்டேஷன், "சார் இத உங்க அடுத்த ரூட்டா பண்ணுங்க"ன்னு. கூடவே ஒரு வீடியோ. ரெண்டு லைனுக்கு நடுவுல நின்னு எடுத்திருக்கான். மூணாவது நிமிஷத்துல ஹாரன் கேக்குது, கேமரா ஆடுது, ஜல்லி மேல ஓடுற சத்தம், அப்புறம் சிரிப்பு. எனக்கு சிரிப்பு வரல. இந்த மாதிரி வீடியோ இந்த வருஷம் மட்டும் இது நாலாவது.

நான் டிரெயின் சிமுலேட்டருக்கு, அதாவது கம்ப்யூட்டர்ல ரயில் ஓட்டுற கேமுக்கு, நிஜ ரயில் பாதைய பாத்து ரூட் கட்டுறவன். ப்ரொபோசல் வர்றது சந்தோஷம்தான், ஆனா எல்லாத்துலயும் ஒரே வரி இருக்கு பாருங்க: "சின்ன லைன்தானே சார், சாட்டிலைட் மேப்ப வச்சு வரைஞ்சிடலாம்." இத படிச்சாலே எனக்கு தலை சுத்தும்.

மேப்புல தண்டவாளம் எந்தப் பக்கம் வளையுதுன்னு தெரியும், எவ்வளவு ஏறுது எவ்வளவு இறங்குதுன்னு தெரியாது. உடனே, உயரத்துக்குத்தான் ஃப்ரீ டேட்டா இருக்கேம்பீங்க. 2000-ல விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார் வச்சு எடுத்த எஸ்ஆர்டிஎம் டேட்டாதான நீங்க சொல்றது? அதுல சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, அந்த ரேடார் கட்டடத்தையும் மரத்தையும் சேர்த்துத்தான் உயரம்னு எடுத்துக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளில 5 மீட்டர் தப்பு வந்தா போதும், 6 மீட்டருக்கு 1 மீட்டர் ஏத்தம் ஆயிடும், அதுல எந்த சப்அர்பன் ரயிலும் ஏறாது, உங்க ரூட்டு ஒட்டக முதுகு மாதிரி நிக்கும். அத ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கையால சரி பண்ணணும். நெடுந்தூர ரூட்டுன்னா நடுவுல 20 கிலோமீட்டர் வயல் போட்டு நகர்ந்துடலாம், சப்அர்பன்ல ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன், ஒவ்வொண்ணுக்கும் தனி கூரை, தனி நடைமேம்பாலம். தினம் போறவங்க வேற விளையாடுவாங்க, டீக்கடை பக்கம் மாறியிருந்தாக்கூட விடமாட்டாங்க. சின்ன லைனாம்!

அப்புறம் டைம்டேபிள். 10 நிமிஷத்துக்கு ஒரு வண்டி, ஒரு பக்கம் போக 75 நிமிஷம், கடைசி ஸ்டேஷன்ல திரும்ப ஒரு 15 நிமிஷம்னு வச்சா, ஒரே நேரத்துல 18 வண்டி லைன்ல சுத்தணும். நீங்க ஓட்டுறது ஒண்ணு, மீதி 17-ஐயும் கம்ப்யூட்டர் ஓட்டணும், ஒண்ணு பிந்துனா பின்னால வர்றதுக்கு மஞ்சள் சிக்னல் விழணும். இத பத்தி ஒரு ப்ரொபோசல்லயாவது ஒரு வரி இருக்கா? இல்ல.

சப்அர்பன் ரூட்டோட ருசியே பிரேக்குல இருக்கு. 1996-ல ஜப்பான்ல வந்த டென்ஷா டி கோ கேமே இதத்தான் வித்துச்சு, சொன்ன நேரத்துக்கு சொன்ன இடத்துல கொண்டு போய் நிறுத்தணும், அவ்வளவுதான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி, ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம் குறையிற மாதிரி பிரேக் போட்டா, நிக்க ஏறக்குறைய 300 மீட்டர் ஆகும். அதனாலதான் வேகப்பலகை எங்க இருக்கு, சிக்னல் எங்க இருக்குன்னு நச்சரிக்கிறேன்.

அதே 300 மீட்டர்தான் தம்பி, நீ தண்டவாளத்துல நின்னு போனை நீட்டும்போதும். டிரைவர் உன்னைப் பாத்துட்டாலும் அவரால ஒண்ணும் பண்ண முடியாது. மின்சார ரயில் பிரேக்கும் போடாம கரண்டும் எடுக்காம சும்மா உருண்டு வரும்போது சத்தம் அவ்வளவா கேக்காது. ஒரு வண்டி போனதும் கடந்து அடுத்த லைனுக்கு வந்தா, அது மறைச்சிருந்த ரெண்டாவது வண்டி வரும். மேல போற கம்பி பல ஊர்ல 25,000 வோல்ட், தொடவே வேணாம், பக்கத்துல போனாலே தாவும். நடைமேம்பாலத்துல செல்ஃபி ஸ்டிக்க நீட்டாதீங்க. டிரோன் வேண்டவே வேண்டாம். பிளாட்ஃபாரம் நீளம் அளக்க கீழ குதிக்காதீங்க, மேலயே நடந்து அடி எண்ணுங்க, இல்ல நிக்கிற பெட்டிய எண்ணி பெட்டி நீளத்தால பெருக்குங்க, எனக்கு அது போதும்.

இன்னொண்ணு, "தெரிஞ்ச டிரைவர் அண்ணன் இருக்காரு, கேபின்ல வீடியோ எடுத்துத் தர்றேன்"னு எழுதுறீங்களே, தயவுசெஞ்சு அவர விட்டுடுங்க. 2008 செப்டம்பர் 12, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சாட்ஸ்வொர்த்ல ஒரு சப்அர்பன் ரயில் சிவப்பு சிக்னல தாண்டிப் போய் சரக்கு ரயில்ல நேருக்கு நேர் மோதுச்சு, 25 பேர் செத்தாங்க. டிரைவர் கடைசி மெசேஜ அனுப்புனது மோதுறதுக்கு 22 நொடி முன்னாடி. அவர் மெசேஜ் பண்ணிட்டிருந்தது யார்கிட்டன்னு நினைக்கிறீங்க? ரயில் பைத்தியம் புடிச்ச ஒரு டீனேஜ் பையன்கிட்ட. நம்மள மாதிரி ஒருத்தன். இத படிச்சதுக்கு அப்புறம் எந்த கேபின் வீடியோவையும் நான் திறக்கிறதில்ல.

டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உக்காருங்க. போன்ல ஜிபிஎஸ் ஓட விட்டு எங்க வேகம் குறையுது, எங்க சிக்னலுக்கு நிக்குதுன்னு நோட்டுல எழுதுங்க, போகும்போது ஒருவாட்டி, திரும்பும்போது ஒருவாட்டி. 38 ஸ்டேஷன் வேணாம், 8 போதும். ரயில் கம்பெனியோட பேரு, சின்னத்துக்கு அனுமதி வாங்குறது எங்க தலைவலி, அத விடுங்க.

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் எழுதி, முதல்ல வீடியோவ டெலீட் பண்ணச் சொல்லிட்டு, கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எந்தெந்த ஸ்டேஷன்ல எந்தப் பக்கம் இறங்கணும்? ரெண்டே நிமிஷத்துல 38-க்கும் வரிசையா பதில் வந்துச்சு, "இதுல ரெண்டு ஸ்டேஷன்ல ரெண்டு பக்கமும் இறங்கலாம் சார்"னு குறிப்போட.