இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்

சென்னையிலிருந்து குடும்பத்தோடு காரில் ஒருவர் திருச்சி வந்துகொண்டிருந்தார். விழுப்புரம் தாண்டியதும் மீட்டரில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்ன ஆரம்பித்திருக்கிறது, வண்டியும் லேசாக உதறியிருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு போன் போட்டிருக்கிறார். "ஏதாவது சென்சாரா இருக்கும் சார், ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம், ஓட்டுங்க" என்று பதில் வந்திருக்கிறது. அதை நம்பி ஏசியும் போட்டு 90-இல் ஓட்டி வந்தவருக்கு சமயபுரம் டோல்கேட் தாண்டும்போது வண்டி 40-க்கு மேல் ஏறவே இல்லை. மறுநாள் காலையில் லாரியில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள்.

சைலன்சர் குழாயில் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் பாகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகளோடு இருக்க வேண்டிய பீங்கான், நடுவில் உருகி, வெல்லப்பாகு இறுகிய மாதிரி கட்டியாகி நின்றது. புகை வெளியே போக வழியில்லாமல் இன்ஜினுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. இத்தனைக்கும் முதலில் கெட்டது, பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்றே ஒன்றுதான். விழுப்புரத்திலேயே நிறுத்தியிருந்தால் மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும். கன்வெர்ட்டரோடு சேர்ந்து பில் அரை லட்சத்தைத் தாண்டியது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தத் தொகையைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த விளக்கு நின்று எரிந்தால் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். வெப்பமானி ஏறாமல், ஆயில் விளக்கு எரியாமல், வண்டி வழக்கம்போல ஓடினால் நிதானமாக ஓட்டிப்போய் ஓரிரு நாளில் காட்டலாம். மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது, நாங்கள் மிஸ்ஃபயர் என்போம். எரியாத அந்தப் பெட்ரோலும் காற்றும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகின்றன. சூடு 1,000 டிகிரியைத் தாண்டிப் போய்விடும். அதில் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் வீண், அந்த விலையே அவற்றுக்காகத்தான்.

வண்டியின் கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரிகிறது என்று பலர் கேட்பார்கள். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஒரு தள்ளு வாங்கும். ஒரு தள்ளு தவறினால் சுழலும் வேகம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் துளி குறையும், கிராங்க் சென்சார் அதைப் பிடித்துவிடும். பொதுவாக 200 சுற்றுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்குத் தவறியிருந்தால் விளக்கை மின்ன வைக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் 200 சுற்று என்பது வெறும் நாலு விநாடி. வேகத்தைக் குறைத்ததும் மின்னுவது நின்று விளக்கு சும்மா எரியலாம். சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி மிதிக்காதீர்கள்.

மின்னியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஏசியை அணைத்து, ஓரம் கட்டுங்கள். காய்ந்த புல், வைக்கோல், சருகு மேல் மட்டும் நிறுத்த வேண்டாம், அடியில் இருக்கும் சூட்டுக்குத் தீப்பிடிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு ரோடு அசிஸ்டன்ஸைக் கூப்பிடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். விளக்கு போகும், எந்த வேகத்தில் எந்தச் சூட்டில் கோளாறு வந்தது என்று பதிவானதும் சேர்ந்து போய்விடும், அப்புறம் நாங்கள் இருட்டில்தான் தேட வேண்டும்.

சரி, பட்டறையில் என்ன செய்ய வேண்டும்? ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைப் போட்டால் கோளாறின் குறியீட்டு எண் வரும், நாங்கள் கோடு என்போம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒன்றில் நிற்காமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. கோடு இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. கோடைப் பார்த்ததும் பாகம் மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லுங்கள். இந்த வண்டியில் பி0302 வந்தது. இரண்டாவது காயிலையும் முதல் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்து, கொஞ்ச நேரம் மட்டும் ஓட விட்டேன். பி0301 வந்தது. கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டதால் காயில்தான் குற்றவாளி. நகராமல் இருந்தால் பிளக்கை இடம் மாற்ற வேண்டும், அதிலும் நகராவிட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கடைசியில் சிலிண்டரின் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். காயிலை இடம் மாற்றிப் பார்ப்பது பத்து நிமிட வேலை, செலவில்லை. ஓடும்போதே காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை தயவுசெய்து விடுங்கள், ஷாக் அடிக்கும், கன்வெர்ட்டருக்கும் எரியாத பெட்ரோல் போகும்.

அந்தக் காயில் ஏன் போனது? உருவியபோது அதன் ரப்பர் முனையில் தண்ணீர் சொட்டியது, பிளக் குழியில் தண்ணீர் தேங்கி, ஸ்பிரிங் பச்சை பிடித்திருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கீறினாற்போல ஒரு கறுப்புக் கோடு, மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்த தடம். இரண்டு நாள் முன்பு வாட்டர் சர்வீஸில் பானெட்டைத் திறந்து பிரஷரில் அடித்திருக்கிறார்கள். இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், ஈரத்துணி போதும். குழியில் தண்ணீருக்குப் பதில் ஆயில் இருந்தால் இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் டேப்பட் கவர் கேஸ்கெட் கசிகிறது, அதை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்பி வருவீர்கள். பெட்ரோல் போட்ட கொஞ்ச நேரத்தில் பி0300 வந்தால் தண்ணீர் கலந்த பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள், பங்க் ரசீதை எறிய வேண்டாம். இரவு நிறுத்தி காலையில் எடுத்ததும் வந்தால் எலி கடித்த வயரைத் தேடுவேன்.

சிஎன்ஜி வண்டிக்காரர்கள் பிளக் மாற்றும் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள், கேஸைப் பற்றவைக்க காயில் கூடுதலாக உழைக்கிறது. சில டீசல் வண்டிகளில் சுருள் வடிவ ஹீட்டர் விளக்கு மின்னுவதும் எச்சரிக்கைதான், அதன் பொருளை உங்கள் வண்டிப் புத்தகத்தில் பாருங்கள்.

கோளாறைச் சரிசெய்த பிறகும் மின்னிய நிலையில் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சைலன்சர் நன்றாக ஆறியதும் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்திருக்கிறது.