டவர் ஒருவருடையது, சிம் இன்னொருவருடையது

பாளையங்கோட்டையில் என் அத்தை இரவு ஒன்பது மணிக்கு மேல் போனைக் கீழே வைக்கமாட்டார். லண்டனிலிருந்து மகன் அழைக்கும் நேரம் அது. மகனிடம் இருப்பது லைக்கா மொபைல் சிம். இலங்கைத் தமிழரான அல்லிராஜா சுபாஸ்கரன் 2006-இல் தொடங்கிய நிறுவனம். ஆனால் லைக்காவுக்கு அங்கே சொந்த டவர்கள் கிடையாது. இன்னொரு நிறுவனத்தின் டவர் ஏறித்தான் அந்தக் குரல் நெல்லைச் சீமைக்கு வருகிறது.

நாம் யாருடைய வாடிக்கையாளர் என்பதைச் சொல்வது டவர் அல்ல, சிம். அதற்குள் 15 இலக்கம் வரை நீளும் அடையாள எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. அடுத்து நிறுவனம், மீதி நீங்கள். போனை ஆன் செய்ததும் இந்த எண்ணை வைத்து உங்கள் பதிவேடு, அதாவது வாடிக்கையாளராக உங்கள் விவரம் இருக்கும் இடம், எங்கே என்று நெட்வொர்க் தேடுகிறது. அங்கிருந்து ஏதோ ஓர் எண் கேள்வியாக வரும். சிம் தன்னிடமுள்ள ரகசியச் சாவியால் கணக்குப் போட்டு விடை அனுப்பும். விடை சரி என்றால் இணைப்பு கிடைக்கும். அந்தச் சாவி ஒருமுறைகூடக் காற்றில் போவதில்லை. இதை முதலில் படித்தபோது அசந்துபோனேன்.

அந்தப் பதிவேடு யார் கையில் என்பதுதான் முக்கியம். லைக்கா போல வாடகை டவரில் ஓடும் நிறுவனங்களில் சில, பெயர், பில், வாடிக்கையாளர் சேவை ஆகியவற்றோடு நின்றுவிடும். சில, பதிவேட்டையும் சிம்மையும் தாமே வைத்துக்கொண்டு டவரையும் அலைவரிசையையும் மட்டும் வாடகைக்கு எடுக்கும். எப்படியானாலும் நிமிடங்களையும் ஜிபியையும் மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறையில் விற்பதுதான் தொழில். அலைவரிசை ஏலத்துக்கும் டவருக்கும் முதல் போடாததால் விலையைக் குறைக்க முடிகிறது.

சரி, குறை எங்கே? கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வற்றும்போது முதலில் தவிப்பது கடைமடைதான். 4ஜி நெட்வொர்க்கிலும் ஒவ்வொருவரின் டேட்டாவுக்கும் முன்னுரிமை எண் உண்டு. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் திரளும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். டவர் திணறும் அப்படிப்பட்ட நேரத்தில், ஒப்பந்தத்தைப் பொறுத்து, வாடகை சிம் கடைமடைக்குத் தள்ளப்படலாம். பேரம் பேசும்போதே இது முடிவாகிவிடுகிறது. வாங்குபவருக்கு இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்தியாவில் 2016-இல் மத்திய அரசு, இப்படி அடுத்தவர் நெட்வொர்க்கில் சேவை விற்பதற்கென்று தனி உரிமம் கொண்டுவந்தது. ஆனாலும் இங்கே இது பெரிதாக வேரூன்றவில்லை. பெரிய நிறுவனங்களே டேட்டாவைக் குறைந்த விலைக்கு விற்கும்போது, நடுவில் வாங்கி விற்பவருக்கு என்ன மிஞ்சும்?